டாக்டர் கேட்டால் மறைக்காதீங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன் பற்றி எல்லாரும் நல்லாப் பேசிட்டாங்க. நான் எங்க வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வந்திருக்கேன். என் ஓரகத்தியிடம் கேட்டுட்டுத்தான் பேசுறேன். "சொல்லுங்கக்கா, நாலு பேருக்கு உதவட்டும்"னு அவளே சொன்னாள்.

எங்க ஊரில் பருத்தி வெள்ளாமை. ஒரு நாள் சாயங்காலம் அவள் மனசு உடைஞ்சு பூச்சி மருந்தைக் குடிச்சிட்டாள். நாங்க செய்த முதல் தப்பு, உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வச்சது. அது நுரையீரலுக்குள் போனால் இன்னும் ஆபத்து. இரண்டாவது தப்பு, கேஸ் ஆகும், மானம் போகும்னு பயந்து, ஆஸ்பத்திரியில் "சாப்பிட்டது ஒத்துக்கலை, வாந்தி பேதி"ன்னு சொன்னது. அந்தப் பொய்யைச் சொன்னது நான்தான்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த டாக்டரம்மா நான் சொன்னதைக் கேட்டுக்கிட்டே டார்ச் அடிச்சுக் கண்ணைப் பார்த்தாங்க. கண்ணுப் பாப்பா குண்டூசி முனை மாதிரி சுருங்கிப் போயிருந்தது. வாயில் எச்சில் வழிஞ்சது. உடம்பெல்லாம் வேர்வை. நாடி மெதுவா அடிச்சது. நெஞ்சில் சளிச் சத்தம். "வாந்தி பேதியில் கண்ணு இப்படி ஆகாதும்மா. எழுத வேண்டியதை அப்புறம் எழுதிக்கலாம். என்ன குடிச்சாங்க, எப்போ குடிச்சாங்க?"ன்னு கேட்டாங்க. அழுதுகிட்டே உண்மையைச் சொன்னேன்.

உடனே உடுப்பை மாற்றி, சோப்புப் போட்டுத் தலை உடம்பெல்லாம் கழுவினாங்க. துணியிலும் தோலிலும் ஒட்டின மருந்து உள்ளே போய்க்கிட்டே இருக்குமாம். நெஞ்சுச் சத்தம் அடங்கும் வரை அட்ரோபின் ஊசி போட்டாங்க. கொழுந்தனார் மருந்து டப்பாவை எடுக்க வீட்டுக்கு ஓடினார். பூச்சி மருந்து எல்லாம் ஒன்னு இல்லை. சிலதுக்கு மாற்று மருந்து உண்டு, சிலதுக்கு இல்லை. சில களைக்கொல்லி குடிச்சவங்களுக்குத் தேவையில்லாமல் ஆக்சிஜன் கொடுத்தால் நுரையீரல் இன்னும் கெடுமாம். லேபிளைப் பார்த்தால்தான் தெரியும்.

மறுநாள் தெளிஞ்சு பேசினாள். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்னு நின்னோம். டாக்டரம்மா விடலை. "தலையணையிலிருந்து தலையைத் தூக்கு"ன்னு அடிக்கடி சோதிச்சாங்க. மூணாம் நாள் அவளால் தூக்க முடியலை. நாலு நாளைக்குள் இப்படிக் கழுத்து வலு குறைஞ்சு மூச்சும் நிற்கலாமாம். உடனே மூச்சு மெஷின் வச்சுக் காப்பாத்தினாங்க. கூட்டிட்டு வந்திருந்தால் வழியிலேயே போயிருப்பாள்.

அதனால் உங்களைக் கேட்டுக்கிறேன். உடனே 108-க்குப் போன் பண்ணுங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. மயக்கமா இருந்தால் ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. டப்பாவைக் கையோட கொண்டு போங்க. எலி பேஸ்ட் என்றால் முதல் ரெண்டு நாள் நல்லாத்தான் இருப்பாங்க, அப்புறம்தான் ஈரல் கெடும். நம்பி வீட்டுக்குக் கூட்டி வராதீங்க. வண்டியிலிருந்து விழுந்தவங்களும் அப்படித்தான். எழுந்து பேசினாலும், இடையில் நினைவு தப்பியதா, வாந்தி எடுத்தாரா என்று டாக்டரிடம் சொல்லுங்க.

கேஸுக்குப் பயப்படாதீங்க. 2017-ம் வருஷ மனநலச் சட்டப்படி, இப்படிச் செய்தவரை மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கணும், தண்டிக்கக் கூடாது. மனசு கனத்தால் 104, 14416 எண்களில் பேசலாம்.

கடைசியா ஒன்று. அந்த வாரக் கூட்டத்தில் அவள் தவணை கட்ட முடியாமல் தலை குனிஞ்சு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்கலை. இப்போ எங்க குழுவில் பாஸ்புக்கைத் திறக்கும் முன்னாடி எல்லார் முகத்தையும் ஒருதரம் பார்க்கிறோம். மருந்து டப்பாக்களைப் பூட்டி வைக்கிறோம். நீங்களும் செய்யுங்க.

அவள் இன்னைக்கு வந்திருக்கிறாள். எந்த வரிசையில் என்று சொல்ல மாட்டேன்.