யார் வர்றீங்க சைக்கிள் ஓட்ட?

2009 ஆகஸ்ட் மாதம். அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், கிளாஸ்கோ பக்கம் நாளைக்கு வருகிறேன், யார் என்னோடு சைக்கிள் ஓட்ட வர்றீங்க என்று ட்விட்டரில் ஒரு வரி போட்டார். அவ்வளவுதான். மறுநாள் பெய்ஸ்லி என்கிற ஊரில், மழையில் நனைந்துகொண்டு, நூற்றுக்கணக்கான பேர் சைக்கிளும் கையுமாக வந்து நின்றார்கள். மேடை கிடையாது, மாலை கிடையாது. சேர்ந்து மிதித்தார்கள். சில நாளில் டப்ளினிலும் அதே கதை. ஃபீனிக்ஸ் பூங்காவில் கூட்டம் இன்னும் பெரிசு!

டப்ளினுக்கு அவர் போனது புற்றுநோய் மாநாட்டுக்காக. 1996-ல், 25 வயதில், அவருக்கே விரைப் புற்றுநோய். நுரையீரல், மூளை வரைக்கும் பரவியிருந்தது. பிழைத்து வந்து, புற்றுநோயாளிகளுக்கு உதவ 1997-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 2004-ல் அது மஞ்சள் ரப்பர் கைவளையத்தை ஒரு டாலருக்கு விற்றது. கோடிக்கணக்கில் விற்றுப்போனது.

பிறகு அவர் ஊக்கமருந்து எடுத்த விவகாரம் வெடித்தது. 2012-ல், டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் அவர் வென்றிருந்த ஏழு பட்டங்களும் பறிபோயின. மோசடி மோசடிதான். அதற்காக நோயாளிகளுக்குக் கிடைத்த உதவி இல்லையென்று ஆகிவிடுமா, என்ன?

இன்னொன்று. விரையில் வீக்கம் தெரிந்தும் அவர் டாக்டரிடம் போகாமல் தள்ளிப்போட்டார். விரைப் புற்றுநோய் இளவட்டங்களுக்குத்தான் அதிகம் வரும். சீக்கிரம் பார்த்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். கட்டியோ வீக்கமோ தெரிந்தால், வெட்கப்படாமல் டாக்டரிடம் போகச் சொல்லி உங்கள் வீட்டுப் பையன்களிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.