கல்லுக்கும் தங்க விலையா?

நடுவர் அவர்களே! சின்ன நகைக்கடையை வாழவைப்பது குறைந்த விலைதான்னு எதிரணி நண்பர் முழங்கிட்டுப் போனார். தங்கத்தின் விலையை அந்தக் கடைக்காரரா நிர்ணயிக்கிறார்? ஊருக்கே ஒரே ரேட்டு! அவர் கையில் இருப்பது செய்கூலியும் சேதாரமும்தான்.

ஒரு பவுன் 8 கிராம். சேதாரம் 10 சதவீதம்னா, இன்னும் 0.8 கிராமுக்குச் சேர்த்துக் காசு. 'சேதாரமே இல்லை'ன்னு ஒருவர் போர்டு மாட்டினால், உருக்கி ராவும்போது தங்கம் தேயாதா? அந்தக் காசு வேறெங்கோ ஒளிஞ்சிருக்கு! கல் வைத்த நகையைப் பாருங்க. வாங்கும்போது கல்லுக்கும் தங்க விலை. விற்கப் போனால், 'கல்லைக் கழிச்சிடுவோம்மா'ம்பாங்க! (சிரிப்பு)

நாணயமான கடைக்காரர் கல் எடையைக் கழிப்பார்; கூலியைத் தனியா எழுதுவார்; 916 முத்திரையையும், ஹால்மார்க் நகைக்கு 2023 ஏப்ரலில் கட்டாயமான ஆறு இலக்க அடையாளத்தையும் லென்ஸ் வைத்துக் காட்டுவார்.

தாய்மார்களே! பேரம் பேசுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா நீங்க குறைக்கச் சொல்றது தங்கத்தை அல்ல. கண் எரிய ஊதுகுழல் ஊதுகிற ஆசாரியின் கூலியை! அவர் வீட்டு அடுப்பும் எரியணுமே! (கைதட்டல்)

கணக்கை மறைக்காத கடைக்குத்தான், மகளுக்கு வாங்கியவர் பேத்திக்கும் வருவார். ஆகவே, வாழவைப்பது விலையல்ல, நம்பிக்கையே என்று கூறி அமர்கிறேன்.