ஈரோட்டு வீடும் இரண்டு பெண்களும்

(மே 11, அன்னை நாகம்மையார் நினைவு நாளில் திருப்பூரில் ஆற்றிய உரை)

தோழர்களே, பனியன் கம்பெனி ஷிப்ட் முடிச்சு நேரா இங்கே வந்திருக்கும் சகோதரிகளே!

நம்ம ஊர்ல இருந்து ரயில் ஏறினா ஒரு மணி நேரத்துல ஈரோடு. அங்கே தந்தை பெரியார் வாழ்ந்த வீடு இன்று பெரியார் - அண்ணா நினைவகமாக இருக்கிறது. அண்ணா பெயர் சேர்ந்ததில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு. 1934-ல் திருப்பூர் செங்குந்தர் இளைஞர் மாநாட்டில்தான் அவர் பெரியாரை முதன்முதலில் சந்தித்தார். பிறகு ஈரோடு போய் 'விடுதலை'யில் எழுதினார்.

ஆனால் இன்று நான் பேச வந்தது அந்த வீட்டின் பெண்களைப் பற்றி.

பெரியாரின் அப்பா வெங்கடப்பர் பெரிய வியாபாரி. வசதிக்குக் குறைவில்லாத, ஆசாரமான குடும்பம். அந்த வீட்டு மருமகள் நாகம்மையாரும், பெரியாரின் தங்கை கண்ணம்மாளும் 1921-ல் கள்ளுக்கடை முன்னால் மறியலுக்கு நின்றார்கள். 1924-ல் வைக்கம் போராட்டத்துக்கும் போனார்கள். 1933-ல் நாகம்மையார் மறைந்தார். அதே ஆண்டு 'குடிஅரசு' தலையங்கத்துக்காகப் பெரியாரோடு, பத்திரிகையை வெளியிட்ட கண்ணம்மாளும் கைதானார்.

நூறு வருஷத்துக்கு முன்னால், தோழர்களே! பெண் வாசல் தாண்டினாலே ஊர் பேசுன காலம்!

1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டது. 1989-ல் கலைஞர் ஆட்சியில் தமிழ்நாட்டில் அது சட்டமானது. 2005-ல் இந்தியா முழுக்க வந்தது. இடையில் எத்தனை வருஷம் பாருங்க! அறுபது!

சட்டம் வந்தாச்சு. நம்ம வீட்ல வந்துருச்சா? ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து, செக்கிங் டேபிளில் நின்று சம்பாதிக்கிற பொண்ணோட சம்பளம் யார் கையில் இருக்கு? சொத்துப் பத்திரத்துல அவ பேர் இருக்கா, இல்ல விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கி அனுப்பிட்டோமா?

அந்த வீட்டைச் சுவருக்காகக் காப்பாத்தி வைக்கல. அங்கிருந்து வெளியே வந்த பெண்களை நாம் மறக்கக் கூடாதுன்னுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க. முக்கியமா பெண் பிள்ளைகளை. நாகம்மையார் யார், கண்ணம்மாள் யார்னு சொல்லிக் கொடுங்க. திரும்பி வந்து, உங்க வீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்க.