தலையெழுத்தை எழுதிய கை எது?



2014-ம் வருஷம் ஜூலை மாதம் 17-ந் தேதி ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசிய ஆகாய விமானம், கிழக்கு உக்ரேனில் யுத்தம் நடந்த பூமிக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேர் மாண்டார்கள். இப்படிப்பட்ட சங்கதியைக் கேட்டதும் "அவரவர் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்கள் நம்மிலும் உண்டு. நாம் கேட்கிறோம்: அந்தத் தலையெழுத்தை எழுதிய கை எது? கீழே வயலிலிருந்து ஏவிய 'பூக்' என்னும் ஏவுகணையல்லவா? அது ருஷ்யப் படையிலிருந்து வந்தது என்பது விசாரணையில் ருசுவாயிற்று. ஹேக் நகரக் கோர்ட்டு 2022-ல் மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மூவரும் கோர்ட்டுப் பக்கமே வரவில்லை. ருஷ்ய சர்க்காரே பொறுப்பாளி என்று 2025-ல் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. அந்தச் சர்க்காரோ இல்லையென்றே சாதிக்கிறது.

சரி, சுட்டவனோடு கணக்குத் தீர்ந்ததா? உக்ரேன் சர்க்கார் 32,000 அடிக்குக் கீழே பறக்கக் கூடாதென்று தடுத்திருந்தது. விமானம் பறந்ததோ 33,000 அடியில். ஆயிரம் அடி தள்ளிப் போனால் ஏவுகணை மரியாதையாக நின்றுவிடுமா? அவ்வழியை அடியோடு மூடப் போதிய காரணமிருந்தது என்று டச்சு விசாரணைச் சபை 2015-ல் சொல்லிற்று. அன்று ஒரே நாளில் அவ்வழியே 160 விமானங்கள் போயின. செம்மறியாட்டுப் புத்தி கம்பெனிகளுக்கும் உண்டு போலும்!

இது ருஷ்யாவோடு நிற்கிற சங்கதியுமல்ல. 1988-ல் அமெரிக்க யுத்தக் கப்பல் ஈரான் விமானத்தைச் சுட்டு 290 பேரைக் கொன்றது. 1996-ல் பணம் கொடுத்தார்கள், குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஈரானே 2020-ல் டெஹ்ரானுக்கருகில் உக்ரேன் விமானத்தைச் சுட்டு 176 பேரைக் கொன்றுவிட்டு, "யந்திரக் கோளாறு" என்றது. மூன்று நாள் கழித்துத்தான் உண்மை வாயில் வந்தது. அந்த மூன்று நாளும் செத்தவர் வீட்டார் யார் வாசலில் போய் நின்றிருப்பார்கள்?