சமாதானமும் அமைதியும்

1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, பழைய பதிப்பில் 'சமாதானம்' நின்ற இடங்களில் பெரும்பாலும் 'அமைதி'யை ஏற்றது. தமிழ் இனித்தது, பொருள் சற்றே குறுகிற்று. எபிரேயத்தின் 'ஷாலோம்' வெறும் ஓசையடங்கிய நிலையன்று, குறைவற்ற முழுமை. திருடி அழித்த ஒரு மாட்டுக்கு ஐந்து மாடுகளை ஈடாகத் தரவேண்டும் என யாத்திராகமம் விதிக்குமிடத்தில் வரும் 'ஈடுசெய்தல்' என்னும் வினையும் அவ்வேரினதே. கொடுக்கவேண்டியதைக் கொடாமல் ஷாலோம் ஏது? பிணங்கியோரைச் சேர்த்துவைத்தலை ஊரார் சமாதானம் என்றே வழங்குவதால், வடசொல்லே ஆயினும் அது இங்கு நெருங்கி நிற்கிறது. மக்களின் புண்ணை மேலோட்டமாக ஆற்றிவிட்டுச் சமாதானம் என்றோரை எரேமியா கடிந்தார். யோவான் நற்செய்தியில், கதவடைத்து அஞ்சியிருந்த சீடர்க்குச் சமாதானம் கூறியவுடன் உயிர்த்தெழுந்த இயேசு காட்டியவை, காயமுற்ற கைகளும் விலாவுமே.