கடல் கடந்து பிறந்த குழவிகளும் குடியுரிமையும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் சிறுவர்க்குப் பயிற்றுதலையே தொழிலாகவுடைய யான் சட்டத்தைப் பற்றிப் பேசப் புகுந்தது நுங்கட்கு வியப்பாயிருக்கலாம். சட்டங் கற்ற பெரியோர் பலர் இவ்வவையில் வீற்றிருக்கின்றனர். அவர்தம் முன்னிலையில் யான் வாய்திறத்தற்குக் காரணம் என் கல்வியன்று. எங் குடும்பத்தார் பட்ட துன்பமேயாகும். அதனை முதற்கண் கூறிப் பின்னர்ச் சட்டத்தின் போக்கை யான் அறிந்த அளவில் விளக்குவேன். குற்றம் காணின் பொறுத்தருள்க.

என் தங்கையும் அவள் கணவரும் பிழைப்பின் பொருட்டு இங்கிலாந்திற் குடியிருப்போர். இருவரும் இந்தியக் குடிகளே. சில ஆண்டுகட்கு முன் ஆங்கு அவர்கட்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. அந்நாட்டுப் பதிவாளரிடம் பிறப்புச் சான்று பெற்றனர். ‘இம்மண்ணிற் பிறந்தமையால் அவன் இந்நாட்டுக் குடியே’ என்று அயலார் கூறினர்; ‘எம் மகவாதலின் அவன் இந்தியக் குடியே’ என்று பெற்றோர் எண்ணினர். ஈரிடத்தும் உரிமையுண்டென்னுந் துணிவால் ஓரிடத்தும் ஒன்றுஞ் செய்யாது வாளா இருந்தனர். பிள்ளைக்குப் பதினான்கு திங்கள் நிரம்பிய காலை, ஈண்டு எம் அன்னையார் நோய்வாய்ப்பட்டுப் பெயரனைக் காணல் வேண்டுமென்றார். கடவுச்சீட்டு வேண்டி முயன்றபோதுதான் உண்மை புலனாயிற்று. அந்நாட்டுக் கடவுச்சீட்டிற்கு அவன் உரியனல்லன். இந்தியக் கடவுச்சீட்டோ, பிறப்பைத் தூதரகத்திற் பதிந்தாலன்றிக் கிடைப்பதன்று. பதிவிற்குரிய ஓராண்டும் கழிந்துவிட்டது. நடுவணரசின் இசைவு பெற்றுப் பதிவு முடிவதற்குள் எம் அன்னையார் கண்மூடினார். இதன்பொருட்டு எவரையும் யான் குறைகூறேன், பிழை எம்முடையது. அப்பிழை நும் இல்லங்களில் நிகழாதிருத்தல் வேண்டுமென்பதே என் வேட்கை.

உலகிற் பிறப்பினால் வருங் குடியுரிமை இரு நெறிப்பட்டது. பிறந்த மண்பற்றி வருவது ஒன்று. பெற்றோர் வழிபற்றி வருவது மற்றொன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1868ஆம் ஆண்டு நிறைவேறிய அரசியற்சட்டத்தின் 14ஆம் திருத்தம் மண்பற்றிய உரிமையை நிலைநாட்டிற்று. அதனைச் சுருக்கக் கருதி 2025 ஜனவரியிற் பிறப்பிக்கப்பட்ட ஆணை உடனே வழக்குமன்றம் ஏறிற்று. இங்கிலாந்தும் ஒருகாலத்து மண்பற்றியே உரிமை வழங்கியது. ஆயின் 1983 ஜனவரி 1 முதல், பெற்றோருள் ஒருவரேனும் அந்நாட்டுக் குடியாகவோ நிலையாகத் தங்கும் உரிமையுடையவராகவோ இருந்தாலன்றி, ஆங்குப் பிறக்கும் மகவு பிறந்தவுடன் அந்நாட்டுக் குடியாவதில்லை. என் தங்கைக்கு அயலார் கூறியது காலங்கடந்த உண்மை. சிங்கப்பூரும், குவைத்து, அமீரகம் முதலிய வளைகுடா நாடுகளும், இந்தியப் பெற்றோர் இருவர்க்குப் பிறக்கும் மகவை, ஆங்குப் பிறந்தமை பற்றித் தம் குடியாகக் கொள்வதில்லை.

இனி நம் நாட்டுச் சட்டத்தை நோக்குவோம். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில் 4ஆம் பிரிவு அயல்நாட்டிற் பிறந்தோரைப் பற்றியது. முன்னர்த் தந்தை இந்தியக் குடியாயிருத்தல் வேண்டும். தாய்வழி உரிமை செல்லாது. 1992 டிசம்பர் 10 முதற் பிறந்தோர்க்குத் தாய்வழியும் தந்தைவழியோடு ஒப்பக் கொள்ளப்பட்டது. பெண்மக்களைக் கடல் கடந்து அனுப்பிய நாம் மகிழத்தக்க திருத்தம் இஃது. ஆயின் 2004 டிசம்பர் 3ஆம் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தமே நாம் மறவாது நெஞ்சில் இருத்தத்தக்கது. அந்நாள் முதல் பிறப்போர்க்குப் பெற்றோர் இந்தியராயிருத்தல் மட்டும் போதாது. பிறந்த நாளினின்று ஓராண்டிற்குள் இந்தியத் தூதரகத்திற் பிறப்பைப் பதிதல் வேண்டும். மகவினிடம் பிறநாட்டுக் கடவுச்சீட்டு இல்லையென்று பெற்றோர் உறுதிகூறல் வேண்டும். ஓராண்டு கடப்பின் நடுவணரசின் இசைவு இன்றியமையாதது. குருதி குடியுரிமைக்கு வித்து. பதிவே அதனை முளைப்பிக்கும் நீர்.

பிறந்த நாட்டின் குடியுரிமையும் உடையவனாய் இவ்வாறு இந்தியக் குடியான பிள்ளை, 18 ஆண்டு நிரம்பிய பின் 6 திங்களுக்குள் அப்பிறநாட்டுரிமையைத் துறவாதொழியின் இந்தியக் குடியுரிமையை இழப்பான் என்பதும் அறியற்பாலது.

‘இதனால் வரும் பயன் யாது? எந்நாட்டுக் குடியாயினும் பிள்ளை நம் பிள்ளையன்றோ?’ என்று வினவுவாருளர். நம் போன்ற சங்கத்தார் இதனை ஊன்றி எண்ணுதல் வேண்டும். கல்வியிலும் அரசுப் பணியிலும் பிற்பட்ட வகுப்பினர்க்கு இடம் ஒதுக்குதற்கு அரசியற்சட்டத்தின் 15(4), 16(4) ஆகிய பகுதிகள் இடந்தருகின்றன. அவற்றுள் முன்னது 1951ஆம் ஆண்டு முதற் திருத்தத்தாற் சேர்ந்தது. இரண்டும் குடிமக்களுள் பிற்பட்டோரையே குறிப்பன. ஆதலின் பிறப்பால் இன்ன வகுப்பினன் என்று ஊரே சான்று பகரினும், குடியுரிமை இல்லாதான் அவ்வொதுக்கீட்டிற்கு உரியனாகான்.

‘ஓ.சி.ஐ. அட்டை உண்டே’ என்பீராயின், பிறநாட்டுக் குடியாகிவிட்ட பிள்ளை தடையின்றி வந்துபோகவும் ஈண்டுத் தங்கவும் அவ்வட்டை பெரிதும் உதவும். எனினும் அது வாக்குரிமை தாராது. விளைநிலம் விலைக்கு வாங்க இடந்தாராது. 2021 மார்ச்சு 4ஆம் நாள் அறிவிக்கையின்படி, அவ்வட்டையுடையார் நீட் முதலிய தேர்வுகளை எழுதி, வெளிநாடுவாழ் இந்தியர்க்குரிய இடங்களைப் பெறலாமேயன்றி, இந்தியக் குடிகட்கே உரிய இடங்களைப் பெறல் இயலாது.

அயல்நாடுகள் வழங்கும் உதவிகளும் பிறந்தமை பற்றியே வந்துவிடா. சிங்கப்பூரரசு குழந்தைப் பேற்றிற்காக அளிக்கும் ஊக்கத்தொகை, குழந்தை அந்நாட்டுக் குடியாயிருந்தாலன்றிக் கிடைப்பதில்லை. இங்கிலாந்திற் பிள்ளைகட்கு வழங்கும் படி, பெற்றோரின் தங்கும் உரிமை எத்தகையது என்பதை நோக்கியே அளிக்கப்படுவது. பொது உதவி கூடாதென்னும் விதியுடன் தங்குவோர் பொதுவாக அதனைக் கேட்டற்குரியரல்லர்.

பிறநாட்டுக் குடியுரிமை ஏற்கக் கருதும் பெற்றோர்க்கும் ஒன்று கூறுவேன். மகவு கருவிலிருக்கும்போதே பெற்றோர் சிங்கப்பூர்க் குடியுரிமையை ஏற்க, அதன்பின் 1999இற் பிறந்த ஓர் இளைஞர், வயதுவந்த பின் இந்தியக் குடியுரிமையை மீட்க வேண்டி வழக்காடினார். சென்னை உயர்நீதிமன்றம் அவர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆயின் 2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. தாமே உறுதிமொழி எழுதிக் குடியுரிமையைத் துறந்தாருடைய மக்கட்கே அம்மீட்புரிமை உண்டு. பிறநாட்டுரிமை ஏற்றதனால் தானே குடியுரிமை நீங்கியவருடைய மக்கட்கு அஃது இல்லை என்பது அதன் முடிபு. பெற்றோர் ஒருநாள் இட்ட கையொப்பம், பிறவாத பிள்ளையின் வாழ்நாள் முழுவதையும் தொடர்ந்தது காண்மின்!

அன்பர்களே! சங்கத்தார்க்கு என் விண்ணப்பம் ஒன்றுண்டு. கடல் கடந்த நம் குடும்பங்களிற் பிள்ளைப்பேறு உண்டான செய்தியை நம் இதழில் மகிழ்ந்து வெளியிடுகின்றோம். அச்செய்தி வந்தவுடன், ‘தூதரகத்திற் பதிந்தாயிற்றா?’ என்று செயலாளர் ஒரு கடிதம் எழுதுவாராக. அதற்குச் செலவு சிறிது, பயன் பெரிது.

தாய்மார்களே! நும் மகளோ மருமகளோ அயல்நாட்டிற் கருவுயிர்த்தால், தொலைபேசியில் முதற்கண் தாயின் நலத்தையும், அடுத்துக் குழவி பால் உண்டதா என்பதையும் கேட்பீர்கள். மூன்றாவதாகப் பதிவையும் கேண்மின். எம் அன்னையார் அவ்விரண்டையும் நாடோறும் கேட்டார். மூன்றாவதைக் கேட்கவேண்டுமென்று அவர்க்குச் சொல்வார் ஒருவரும் இலர். நுங்கட்கு இன்று யான் சொல்லிவிட்டேன்.