திரையைப் பார்ப்போம், சுட்டி மாணவர் கையிலேயே இருக்கட்டும்
(கணினி ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



இருபது கணினிகள் உள்ள ஆய்வகத்தில் யார் எங்கே தடுமாறுகிறார் என்பதை ஒருவரே கவனிப்பது கடினம். இதற்கு உதவுவது ‘வேயான்’ என்னும் கட்டற்ற, இலவச மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். ஒரே வலையமைப்பில் உள்ள மாணவர் திரைகள் எல்லாம் நம் கணினியில் சிறு கட்டங்களாகத் தெரியும். வேண்டிய திரையைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அதன் சுட்டியையும் விசைப்பலகையையும் இங்கிருந்தே இயக்கலாம்.

இங்கேதான் நமக்குச் சோதனை. கோப்பைச் சேமிக்கத் தெரியாமல் ஒரு மாணவி விழிக்கிறார். நாமே சேமித்துக் கொடுத்தால் வேலை முடிந்துவிடும், கற்றல் நிகழாது. எனவே திரையைப் பார்த்ததும் எழுந்து அவர் அருகில் செல்லுங்கள். “அடுத்து என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள்.

“உங்கள் திரை எனக்குத் தெரியும்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் பார்ப்பது வேவு; சொல்லிவிட்டுப் பார்ப்பது துணை.

கடவுச்சொல்லோ சாவிக் கோப்போ இன்றி வேயான் வழியே எவரும் நுழைய முடியாது. வீட்டுக் கைப்பேசியிலும் திரையைப் பகிரும் செயலிக்கு அனுமதி நம் கையில்தான். அதனால்தான் மோசடிக்காரர்கள் செயலியை நிறுவச் சொல்லி, திரையில் தெரியும் எண்ணைக் கேட்கிறார்கள். எண்ணைச் சொல்வது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். பணம் பறிபோனால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். இதை மாணவர் வழியே ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுசேர்ப்போம்.